சாங்கி முதல் ஜேஎஃப்கே வரை: 15,349 கிலோமீட்டரும் பதினெட்டரை மணி நேரமும்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழியில் 15,349 கிலோமீட்டர். மைல் கணக்கில் 9,537. பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்பது பலருக்கும் தெரியும். வகுத்துப் பார்த்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் இருப்பதோ ஏறக்குறையப் பதினெட்டரை மணி நேரம். திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் கூடுதல். இன்றைக்கு உலகில் எங்கும் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் இதுதான் மிக நீண்டது. அதனால் தூரத்துக்கும் நேரத்துக்கும் நடுவே என்னென்ன நுழைகின்றன என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

முதலில் தூரம். இணையத்தில் எந்தத் தளத்தில் தேடினாலும் கிடைக்கும் எண்தான். ஆனாலும் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் பிடிபடும். சாங்கி இருப்பது வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகை. ஜேஎஃப்கே வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகை. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டுங்கள்: 177.77. கிட்டத்தட்ட 180. அதாவது இரண்டு ஊர்களும் பூமி உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஏறக்குறைய ஒரே வட்டத்தின் மேல் இருக்கின்றன. அப்படியானால் குறுகிய வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிப் போய், மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான்.

இது கணக்கையும் சுலபமாக்கிவிடுகிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 90 கழித்தல் 1.36, அதாவது 88.64 பாகை. துருவத்திலிருந்து ஜேஎஃப்கே வரை 90 கழித்தல் 40.64, அதாவது 49.36 பாகை. இரண்டும் சேர்ந்து 138. பூமியின் மேல் ஒரு பாகை சராசரியாக 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. கால்குலேட்டர்கூட வேண்டாம், காகிதத்தில் போட்ட கணக்கு, வெளியிடப்பட்ட எண்ணுக்கு மூன்று கிலோமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. பூமி கச்சிதமான கோளம் இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் இப்படிச் சில கிலோமீட்டர் வித்தியாசம் எப்போதும் இருக்கும்.

எல்லா ஊர் ஜோடிக்கும் இப்படி வாய்க்காது. பொதுவான வழி இது: இரண்டு அட்சரேகைகளின் சைன்களை (பள்ளி முக்கோணவியலில் வரும் sin) பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு அட்சரேகைகளின் காஸ்களையும் (cos), தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் சேர்த்துப் பெருக்குங்கள். இந்த இரண்டு விடைகளையும் கூட்டினால், அந்தக் கூட்டல்தான் நடுவிலிருக்கும் கோணத்தின் காஸ். நம் உதாரணத்தில் முதல் பெருக்கல் 0.0155, இரண்டாவது கழித்தல் குறியோடு 0.7580. கூட்டினால் கழித்தல் 0.7426. அதற்குரிய கோணம் 137.95 பாகை. 111.2 ஆல் பெருக்கினால் 15,340 கிலோமீட்டர்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பாகை-நிமிடத்தைத் தசமமாக நினைத்துக்கொள்வது. ஜேஎஃப்கேயின் அட்சரேகை 40 பாகை 38 நிமிடம் 23 விநாடி. அதை 40.38 என்று எழுதக் கூடாது. 38ஐ 60ஆல் வகுத்து, விநாடியையும் சேர்த்தால்தான் 40.64. இந்தத் தவறில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போய்விடும். இரண்டு, எக்செல் போன்ற விரிதாள்கள் கோணத்தை ரேடியன் என்ற வேறொரு அலகில்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பொருளற்ற ஏதோ ஒரு எண் வரும். மூன்றாவதுதான் மோசமானது: மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. மறந்தால் விடை சுமார் 5,300 கிலோமீட்டர் என்று வரும். பார்க்க நம்பும்படியான எண்தான். ஆனால் அது நியூயார்க்குக்கான தூரம் இல்லை, கிர்கிஸ்தானில் ஓஷ் நகருக்குக் கிழக்கே ஒரு மலைப்பகுதிக்கான தூரம்.

மைல் என்று பார்த்தால் எந்த மைல் என்றும் பாருங்கள். 9,537 என்பது சாலையில் புழங்கும் மைல். விமானிகள் பேசுவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இதே தூரம் 8,288. இரண்டையும் கலந்துவிட்டு ‘ஒரு தளம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது’ என்று குழம்புகிறவர்கள் நிறைய.

இனி வழி. மேலே சொன்ன வட்டப்பாதையில் போனால் தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல், பிறகு கனடாவின் வட தீவுகள், கியூபெக், நியூயார்க். பாதை துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். சாங்கியிலிருந்து கிளம்பும்போது விமானத்தின் மூக்கு கிட்டத்தட்ட நேர் வடக்கைப் பார்த்திருக்க வேண்டும். நிஜத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக இறங்குகிறது. பறக்கும் தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. தெரிந்தேதான் சுற்றுகிறார்கள்.

காரணம் காற்று. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் நடுப்பகுதி மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். அதற்குள் புகுந்துவிட்டால் விமானத்தின் சொந்த வேகம் மாறாமலேயே தரைக்கணக்கில் வேகம் எகிறும். ஒரு கணக்குப் பாருங்கள். துருவ வழியில் 15,349 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வையுங்கள். 900இல் 20 போக 880. நேரம் 17 மணி 26 நிமிடம். பசிபிக் வழியில் 16,500 கிலோமீட்டர். சராசரியாக 60 கிலோமீட்டர் பின்காற்று. 960ஆல் வகுத்தால் 17 மணி 11 நிமிடம். ஆயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகமாகப் பறந்தும் கால்மணி நேரம் முன்னதாக இறங்குகிறது. எரிபொருளும் மிச்சம். விமான நிறுவனத்தின் கணினி ஒவ்வொரு நாளும் அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. அதனால்தான் நேற்றைய பாதையும் இன்றைய பாதையும் ஒன்றாக இருப்பதில்லை.

பின்காற்று எவ்வளவு செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நடந்தது நல்ல சாட்சி. நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. சாதாரணமாக ஆறரை மணி நேரத்தை ஒட்டி ஆகும் பயணம் அது.

பூமி சுழல்வதால்தான் ஒரு பக்கம் சீக்கிரம், மறுபக்கம் தாமதம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் மிதக்கிறது. வித்தியாசம் முழுக்கக் காற்றோட்டத்தால் வருவது. (அந்தக் காற்றோட்டம் உருவாவதில் சுழற்சிக்குப் பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.) போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் சரிசமமாக ஈடாகும் என்பதும் தவறு. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கும் என்பதால், ஒரே வழியில் போய்த் திரும்பினால் மொத்தத்தில் எப்போதும் நஷ்டம்தான். 8,000 கிலோமீட்டர் தூரத்தில் 100 கிலோமீட்டர் காற்று என்றால் போக எட்டு மணி, வரப் பத்து மணி. காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 17 மணி 47 நிமிடத்தில் முடிந்திருக்கும். அதனால் நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானங்கள் வேறு வழி தேடுகின்றன: சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழி, சில நாள் வடக்கே துருவப் பக்கம்.

துருவ வழிக்குச் சொந்தமாகச் சில சிக்கல்கள் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை கழித்தல் 47 டிகிரி; அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ கழித்தல் 40இலேயே உறையத் தொடங்கலாம். வெளியே கழித்தல் 65, 70 என்று பல மணி நேரம் இருந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும். விமானிகள் அந்த வெப்பநிலையைத் தனியாகக் கவனிப்பார்கள். வரம்பை நெருங்கினால் வேகத்தைக் கூட்டுவார்கள், அல்லது வெப்பமான உயரத்துக்கு இறங்குவார்கள், அல்லது பாதையை மாற்றுவார்கள். 82 பாகை அட்சரேகைக்கு வடக்கே போய்விட்டால், தகவல் தொடர்புக்கு உதவும், நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் கண்ணில் படாது. பழைய உயர் அலைவரிசை ரேடியோ கைகொடுக்க வேண்டும். சூரியப் புயல் அடித்தால் அதுவும் தடுமாறும், அந்த நாட்களில் வழியைத் தெற்கே தள்ளுவார்கள். இவற்றோடு 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நிறுவனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது, வேறு சில நிறுவனங்கள் தாமாகவே தவிர்க்கின்றன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பல சேவைகளின் நேரம் கூடியதற்கு இதுவே முதல் காரணம். பழைய அட்டவணையை வைத்து இன்றைய பயண நேரத்தை மதிப்பிடாதீர்கள்.

இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் பறக்கும் விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை வைத்து, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் விலை தாங்காமல் 2013 நவம்பரில் நிறுத்தியது. 2018 அக்டோபர் 11இல் இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) வந்ததும் மறுபடி நியூவார்க். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பர் 9 முதல், ஜேஎஃப்கேக்கும். சாதாரண ஏ350-900இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இதில் 1,65,000. புதிய டாங்க் எதுவும் வைக்கவில்லை. இருக்கிற டாங்குகளுக்குள் குழாய்களையும் உணரிகளையும் இடம் மாற்றியே அந்த 24,000 லிட்டருக்கு வழி செய்தார்கள்.

ஒரு லிட்டர் எரிபொருள் சுமார் 0.8 கிலோ. டாங்க் முழுக்க நிரம்பினால் 132 டன். விமானம் தரையிலிருந்து எழும்பக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்டப் பாதி. பயணிகளோ 161 பேர்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஆளும் பெட்டியுமாக ஒருவருக்கு நூறு கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 16 டன். சுமக்கும் மனிதர்களைப்போல் எட்டு மடங்கு எரிபொருள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருக்கைகள் ஏன் குறைவு, டிக்கெட் விலை ஏன் அவ்வளவு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. நடுவில் ஒரு இடத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனால் மொத்தச் செலவு குறையக்கூடும். கூடுதல் காசு கொடுத்து வாங்குவது நேரத்தைத்தான்.

கிளம்பும்போது இந்த எடையோடு உயரே போக முடியாது. முதலில் 31,000 அடி பக்கத்தில் பறக்கத் தொடங்கி, எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக ஏறி, கடைசி மணி நேரங்களில் 40,000 அடியைத் தொடும். வேகம் மாக் 0.85, அதாவது ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு; அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்கு 903 கிலோமீட்டர். முன் இருக்கைத் திரையில் சில நேரம் 1,050, சில நேரம் 820 என்று காட்டுவது காற்றையும் சேர்த்த தரை வேகம். விமானிகள் நான்கு பேர், முறை வைத்துத் தூங்கி எழுந்து ஓட்டுவார்கள். அவர்களுடைய பணி நேரத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. சின்னத் தாமதம்கூட இந்த மாதிரி சேவையில் ஆபத்தாவது இதனால்தான். ஜனவரியில் ஜேஎஃப்கேயில் இறக்கையில் படிந்த பனியை மருந்து அடித்து நீக்க வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால், நான்கு மணி நேரப் பயணத்தில் அது வெறும் தாமதம். பதினெட்டே முக்கால் மணி நேரப் பயணத்தில் விமானிகளின் வரம்பு முடிந்து சேவையே ரத்தாகலாம்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த பதினேழுக்கும் பதினெட்டரைக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. கேட்டிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் நொடியிலிருந்து, மறுமுனையில் கேட்டில் வந்து நிற்கும் நொடி வரைக்குமான நேரம். ரன்வே வரை ஊர்ந்து போக 15 முதல் 25 நிமிடம். ஜேஎஃப்கேயில் மாலை நெரிசலில் 40 நிமிடம்கூட ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, அதில் 15, 20 நிமிடம் போகும். இறங்கும் முன் வரிசைக்காக வட்டமடிக்க வேண்டியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேல் நிறுவனம் ஒரு சிறு இடைவெளியையும் சேர்த்தே அட்டவணை போடுகிறது. எந்த நீண்ட பயணத்துக்கும் கைக்கணக்கு இது: தூரத்தை 900ஆல் வகுத்து முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். பிறகு மேற்கிலிருந்து கிழக்கே என்றால் கொஞ்சம் குறையுங்கள், கிழக்கிலிருந்து மேற்கே என்றால் ஒரு மணி நேரம்வரை கூட்டுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாக வரும்.

கடிகாரக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னே, வருடம் முழுக்க மாறாது. நியூயார்க் குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னே, கோடையில் நான்கு மணி பின்னே. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு மாறி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். ஆகவே இடைவெளி குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12. உதாரணத்துக்கு, ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து பகல் 12 மணிக்குக் கிளம்பினால் நியூயார்க்கில் அப்போது அதே தேதி பிறக்கும் நள்ளிரவு. பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் அதே நாள் மாலை 6:30க்கு இறங்குவீர்கள். ஜனவரியில் இதே பயணம் மாலை 5:30க்கு முடியும். பயண நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

திரும்பும்போது நாள் ஒன்று காணாமல் போகும். ஜனவரியில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் அப்போது செவ்வாய் காலை 11. பதினெட்டே முக்கால் மணி நேரம் கழித்துப் புதன் விடிகாலை 5:45. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் செவ்வாய்க்கு ஓட்டலும் கல்யாண வேலையும் போட்டுவிடுவார்கள். சர்வதேசத் தேதிக்கோட்டைப் பற்றி யோசித்துக் குழம்ப வேண்டாம். இரண்டு ஊர் நேரத்தையும் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் போதும், கோடு தானாகவே கணக்கில் வந்துவிடும்.

சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. சென்னை–ஜேஎஃப்கே குறுகிய தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறியாக வேண்டும். எங்கே மாறினால் எவ்வளவு சுற்று? லண்டன் வழியாக 8,230ம் 5,550ம் சேர்ந்து ஏறக்குறைய 13,780. வெறும் 300 கிலோமீட்டர் கூடுதல். துபாய் வழியாக 2,930ம் 11,020ம் சேர்ந்து 13,950, கூடுதல் 470. சிங்கப்பூர் வழியாக 2,920ம் 15,349ம் சேர்ந்து 18,270க்கு அருகில். கூடுதல் 4,800 கிலோமீட்டர், அதாவது பறக்கும் நேரத்தில் மட்டும் ஐந்து மணிக்கு மேல். சாங்கி எவ்வளவு வசதியான நிலையமாக இருந்தாலும், சென்னையிலிருந்து கிழக்கே போய்விட்டு அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போவது தூரக் கணக்கில் கட்டுப்படியாகாது. அமெரிக்க மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் இதே கணக்கைத் தங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அங்கே கிழக்கு வழி இவ்வளவு மோசமில்லை.

விலை மலிவாக இருக்கிறது என்று சென்னை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–நியூயார்க் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் இன்னொரு கணக்கும் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டி இறுதி ஊருக்கு நேரே போகாமல் போகலாம். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் விசா விதிகள் குறுக்கே நிற்கும். ஒரே பதிவு எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால் பெட்டிச் சீட்டில் ஜேஎஃப்கே என்று அச்சாகியிருக்கிறதா என்பதைச் சென்னை கவுன்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்கிறவர்கள் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த விமானம் ஜேஎஃப்கேயில் இல்லாமல் லகார்டியா, நியூவார்க் ஆகிய மற்ற விமான நிலையங்களிலிருந்து கிளம்பினால் ஐந்து மணி நேரம்.